பட்டியலில் ஏழாவது

பிப்ரவரி 3

மதிப்பிற்குரிய கடைக்காரர் அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் வீட்டாரும் நலமென நம்புகிறேன்.

இந்த வருடம் வெளிவரவிருக்கும் புதிய நான்கு சக்கர ரிமோட் பக்கி காருக்குத் தங்கள் கடையில் என் மகள் பெயரில் முன்பதிவு செய்திருக்கிறோம். சுவரில் ஒட்டியிருக்கும் பட்டியலில் அவள் பெயர் ஏழாவது. சனிக்கிழமைகளில் அப்பாவோடு வந்து பல்சக்கர டப்பாவைக் கிளறிக்கொண்டு நிற்பாளே, இரட்டைச் சடை, பதின்மூன்று வயது, அவள்தான்.

சென்ற மாதம் ஒன்பதாம் தேதி அவள் காய்ச்சலில் இறந்துவிட்டாள். ஐந்து நாள் மருத்துவமனையில் இருந்தாள்.

ஆகவே முன்பதிவை ரத்து செய்து, அந்த இடத்தை அடுத்து இருப்பவருக்குக் கொடுத்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். ரத்து செய்ததற்கு ஒரு வரி எழுதி அனுப்பினால் கோப்பில் வைத்துக்கொள்வேன்.

தங்கள் உடல்நலத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
அவள் அம்மா


பிப்ரவரி 20

அன்புள்ள திருத்தம்மா,

உடம்பு எப்படி இருக்கிறது? தலைவலி மாத்திரை இருக்கிறதா, தீர்ந்துவிட்டதா? எனக்கு ஒன்றுமில்லை. சுரங்கத்துக்குள் தண்ணீர் ஊறிக்கொண்டே இருக்கிறது. பிட்டர் வேலை, நாள் முழுக்க பம்புகளோடு கிடந்து விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கிவிட்டது. வேறு குறையில்லை.

போன வாரம் போனில் பேசியதை யோசித்துப் பார்த்தேன். பதினொரு நிமிடம் பேசினோம் என்று முகாம் போன் காட்டியது. நீ "ம்" என்றாய். நான் "ம்" என்றேன். வரிசையில் பின்னால் நின்ற வெல்டர் கேட்டான், "அண்ணே, லைன் கட்டாகி ரொம்ப நேரமாச்சு போலிருக்கே?" என்று. "லைன் இருக்குப்பா" என்று சொல்லிவிட்டு வைத்தேன். அதனால் இனிமேல் எழுதிவிடலாம். சனிக்கிழமை வேன் கீழே போகும்போது தபாலும் போகும்.

ஒரே ஒரு விஷயம். வண்டி எப்போது வருகிறது? மார்ச் கடைசி, தப்பினால் ஏப்ரல் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். அறிவிப்புப் படத்தை மடித்து மடித்து அவள் அந்தத் தாளையே நாலாகக் கிழித்துவிட்டாள், ஞாபகம் இருக்கிறதா? முன் ஷாக் அப்சார்பர் இந்த முறை இரண்டு மில்லிமீட்டர் கூடுதல் நீளம், அதற்கு எண்ணெய் கெட்டியாக வேண்டும் என்று என்னோடு சண்டை. "பக்கி வருது, பக்கி வருது" என்று வீடு பூராவும் கத்திக்கொண்டு திரிந்தாள். நீ உள்ளிருந்து, "வீட்ல இருக்கற பக்கி போதாதா?" என்றாய்.

ஏழாவது இடம். எப்படியும் முதல் தவணையிலேயே கிடைத்துவிடும்.

வந்ததும் எழுது. விடுப்பு எடுத்துக்கொண்டு வருகிறேன். அதற்கு முன்னால் வர முடியும் என்று தோன்றவில்லை. வந்து அந்த வீட்டில் என்ன செய்வது? வண்டி இருந்தால் உட்கார்ந்து பாகம் பாகமாகப் பூட்டலாம்.

எழுத்துப் பிழை இருந்தால் வழக்கம்போல் சிவப்பில் வட்டம் போட்டு வை. வேளாவேளைக்குச் சாப்பிடு.

உன்,
பிட்டர்


மார்ச் 2

அன்புள்ளவருக்கு,

உங்கள் கடிதம் வந்தது. இங்கே ஒன்றும் குறைவில்லை. சாப்பிடுகிறேன். தூங்குகிறேன் என்று சொல்ல முடியாது, படுத்து எழுந்திருக்கிறேன். தலைவலி மாத்திரை இருக்கிறது. வேலை முடிந்ததும் கையைத் துடைத்து வாசலின் தடவுங்கள். ரப்பர் கையுறை கேட்டால் தருவார்கள்தானே? கேளுங்கள். நீங்கள் எதையும் கேட்க மாட்டீர்கள்.

அச்சகத்தில் வேலை அதிகம். ஒரு மருந்துக் கம்பெனி நாற்பது மருந்துகளுக்குக் குறிப்புத்தாளைப் புதிதாக அச்சிடுகிறது. எல்லாவற்றிலும் கடைசி வரி ஒன்றேதான். குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வைக்கவும். நாற்பது தடவை படித்து நாற்பது தடவை கையெழுத்துப் போட்டேன். ஒன்றிலும் பிழை இல்லை.

பக்கத்து வீட்டு டீச்சர் தினமும் ஒரு தடவை வந்து எட்டிப் பார்க்கிறார். "ஒண்ணுமில்ல, சும்மாதான் வந்தேன்" என்கிறார். நானும் "சும்மாதான் இருக்கேன்" என்கிறேன். போய்விடுகிறார்.

வண்டி தள்ளிப்போகிறதாம். மே மாதம் என்கிறார்கள். தயாரிக்கிற இடத்திலேயே தாமதமாம். வந்ததும் எழுதுகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
நான்


மார்ச் 9

மதிப்பிற்குரிய கடைக்காரர் அவர்களுக்கு,

வணக்கம். நலமாயிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். ரத்து செய்ததாக நீங்கள் எழுதிய வரி கிடைத்தது, நன்றி.

ஒரு உதவி கேட்டு எழுதுகிறேன். அந்த முன்பதிவை மறுபடி சேர்க்க முடியுமா? ஏழாவது இடம் வேண்டும் என்பதில்லை, எந்த இடமானாலும் சரி. வண்டி வந்தால்தான் ஊருக்கு வருவேன் என்று என் கணவர் எழுதியிருக்கிறார். ரத்து செய்தது அவருக்குத் தெரியாது. நான் மே மாதம் வரும் என்று எழுதிவிட்டேன். ஏன் அப்படி எழுதினேன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

எங்கள் இடத்தை யாருக்காவது கொடுத்துவிட்டீர்கள் என்றால் அவரிடம் போய்க் கேட்க வேண்டாம். காரணம் சொல்ல வேண்டியிருக்கும். அவர் பாவப்பட்டுக் கொடுப்பார். அப்படி வருவது வேண்டாம்.

இது என் கணவருக்குத் தெரிய வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் நலம் விரும்பும்,
அவள் அம்மா


மார்ச் 16

அம்மா அவர்களுக்கு,

கும்பிட்டு எழுதுகிறேன். எனக்கு நீளமாக எழுதிப் பழக்கமில்லை. உடம்பு பரவாயில்லைதானே? எனக்கு மூட்டுவலி, அது கடையோடு கூடப் பிறந்தது, விடுங்கள்.

உங்கள் கடிதம் கிடைத்ததிலிருந்து பத்து தடவை பட்டியலைப் பார்த்துவிட்டேன். எனக்கு ஒதுக்கியது இருபதே வண்டி. உங்கள் பொண்ணு பெயரை நானே பேனாவால் அடித்தேன், கீழே இருந்த எல்லோரும் ஒரு படி ஏறி, இருபத்தொன்றாவதாக நின்ற பல் டாக்டருக்கு இடம் கிடைத்துவிட்டது. எட்டு மாதமாகக் காத்திருந்த மனுஷன், கடையிலேயே குதித்தார். கேட்க வேண்டாம் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். எனக்குத் தெரிந்த நாலு கடையிலும் விசாரித்தேன். எல்லா இடத்திலும் முடிந்துவிட்டது. அடுத்த தவணை பற்றிக் கம்பெனிக்காரர்கள் வாயே திறக்கவில்லை.

ஒரு வழி இருக்கிறது. பைத்தியக்கார வழி. வண்டி வெளிவந்து ஒன்றிரண்டு மாதத்தில் உதிரி பாகங்கள் தனித்தனிப் பையில் வரும். ஏ, பி, சி என்று எழுத்துப் போட்ட பிளாஸ்டிக் சட்டங்கள், அதிலிருந்து பாகத்தை நறுக்கி எடுக்க வேண்டும். கியர் ஒரு பை, ஷாக் ஒரு பை, திருகாணி ஒரு பை, மேல்மூடி பாடி தனி. எல்லாப் பையையும் சேர்த்தால் ஒரு வண்டி. பெட்டி மட்டும் இருக்காது. உங்கள் பொண்ணு ஒருநாள் கேட்டாள், "அங்கிள், பெட்டியே வாங்காம ஒரு வண்டி கட்ட முடியுமா?" என்று. "கட்டலாம், ஆனா உங்க அப்பா என்னை அடிக்க வருவார்" என்றேன்.

சனிக்கிழமை மதியம் வாருங்கள். வந்த பையை எடுத்து வைக்கிறேன்.

இனிமேல் உங்களைத் தவிர நான் யாருக்கும் எதுவும் எழுதப் போவதில்லை. அது சத்தியம்.

உங்கள்,
கடைக்காரர்


ஏப்ரல் 14

அன்புள்ள திருத்தம்மா,

எப்படி இருக்கிறாய்? கையுறை கேட்டேன், கொடுத்தார்கள். இரண்டுமே இடது கைக்கு. ஒன்றைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வேலை செய்கிறேன். வெல்டருக்கு ஒரே சிரிப்பு.

மூன்றாம் நம்பர் பம்பு மூன்று நாள் படுத்துவிட்டது. முழங்கால் வரை தண்ணீர். ஒரு வழியாகச் சரி செய்தோம். அதைத் தவிர எழுத ஒன்றுமில்லை.

முகாம் எலக்ட்ரிஷியனுக்கும் இந்தக் கார்ப் பைத்தியம் உண்டு. அவனுக்கு வந்த இதழில், நம்முடைய வண்டி ஏப்ரல் முதல் வாரமே வெளிவந்துவிட்டதாகப் போட்டிருக்கிறது. படமும் இருக்கிறது. முன் ஷாக் நீளம்தான், அவள் சொன்னது சரி. நம் கடைக்கு மட்டும் ஏன் மே மாதம்? கடைக்காரர் என்ன சொல்கிறார்? நேரில் போய்க் கேட்டாயா?

நீ வட்டம் போட்டு அனுப்புவதே இல்லையே. நான் அவ்வளவு நன்றாக எழுத ஆரம்பித்துவிட்டேனா?

உன்,
பிட்டர்


ஏப்ரல் 28

அன்புள்ளவருக்கு,

நலம். நீங்கள் முழங்கால் தண்ணீரில் நின்றதைப் படித்தேன். சளி பிடிக்கவில்லையே?

நேரில் போய்க் கேட்டேன். இப்போது சனிக்கிழமைதோறும் போகிறேன். ஒன்றரை மணிக்கு அச்சகம் முடிந்ததும் நேரே கடைக்கு. அது இவ்வளவு சின்ன இடம் என்று எனக்குத் தெரியாது. நீங்கள் இரண்டு பேரும் மூன்று மணி நேரம் அங்கே என்ன செய்தீர்கள் என்று எத்தனை தடவை திட்டியிருக்கிறேன். இப்போது எனக்கே இரண்டரை மணி நேரம் ஆகிறது, எதுவும் செய்யாமல்.

எல்லோரும் காத்திருக்கிறார்கள். பேங்க் மேனேஜர் ஒருவர் வந்ததும் வராததுமாக, "என்ன பாஸ், வருமா வராதா? என் பொண்ணுக்குக் கல்யாணமே ஆயிடும் போலிருக்கே" என்றார்.

"உங்க பொண்ணுக்கு நாலு வயசு சார்."

"அதைத்தான்யா சொல்றேன்."

பல் டாக்டர் ஒருவர் இருக்கிறார். எல்லோரையும் வாயைப் பார்த்துத்தான் பேசுகிறார். என்னைப் பார்த்து, "மேடம் யாருக்காகக் காத்திட்டிருக்கீங்க?" என்று கேட்டார். "வீட்டுக்காரருக்கு" என்றேன். "கொடுத்து வெச்சவர். என் வீட்ல நான் கார் வாங்கினா கட்டில் வெளியே போயிடும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்திருக்க வேண்டும், கடைக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

கப்பலில் வந்த பெட்டிகள் துறைமுகத்தில் நிற்கின்றனவாம். ஜூன் கடைசி ஆகிவிடும் என்கிறார்கள்.

கையுறையை மாற்றித் தரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
நான்


மே 27

அம்மா அவர்களுக்கு,

சுகமாக இருக்கிறீர்களா? சென்ற சனிக்கிழமை உங்களுக்குக் காய்ச்சல் என்று டீச்சரம்மா வந்து சொல்லி, காத்திருந்த பைகளையும் வாங்கிப்போனார். நீங்கள் வராமல் பேங்க்காரர் இரண்டு தடவை கேட்டுவிட்டார்.

இத்தனை நாள் இழுத்தடித்த கியர் பையும் சி சட்டமும் நேற்று வந்தன. இத்துடன் அனுப்புகிறேன். பேரிங் எட்டு, எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள், பொடிசு, கீழே விழுந்தால் தரை விழுங்கிவிடும். மோட்டாரும் ரிமோட்டும் உங்கள் வீட்டிலேயே பழைய வண்டியில் இருக்கும். இனி பாடி ஒன்றுதான் பாக்கி. ஜூலை என்கிறார்கள். எனக்கு ஒன்றே ஒன்று வரும், அது உங்களுக்குத்தான்.

பூட்டும் முறைப் புத்தகம் தனியாக விற்பனைக்கு இல்லை. பல் டாக்டரிடம் ஒரு நாள் இரவல் வாங்கி நகல் எடுத்திருக்கிறேன், எதற்கென்று சொல்லவில்லை. முப்பத்திரண்டு படியும் இருக்கிறது. கடைசி இரண்டு பக்கம் பாடிக்குப் பெயிண்ட் அடிப்பது, அதை எடுக்கவில்லை. அது எல்லோருக்கும் தெரிந்ததுதானே.

உடம்பு தேறியதும் வாருங்கள்.

உங்கள்,
கடைக்காரர்


ஜூன் 30

திருத்தம்மா,

நலமா? நான் இருக்கிறேன்.

ஜூன் முடிந்துவிட்டது.

எனக்குப் பத்து நாள் விடுப்பு வந்தது. வெல்டர் தங்கைக்குக் கல்யாணம், அவனுக்கு விட்டுக்கொடுத்துவிட்டேன்.

பிட்டர்


ஜூலை 19

அன்புள்ளவருக்கு,

உங்கள் கடிதத்துக்குப் பதில் எழுத மூன்று வாரம் ஆகிவிட்டது. உடம்புக்கு ஒன்றுமில்லை. மே மாதம் கொஞ்சம் காய்ச்சல் இருந்தது, போய்விட்டது. உங்கள் உடம்பைப் பற்றி நீங்கள் எழுதவே இல்லை.

உறையில் மஞ்சளாக மடித்து வைத்திருக்கிறேனே, அதைப் பார்த்து என்னவென்று யோசித்திருப்பீர்கள். சொல்கிறேன்.

துறைமுகத்தில் எந்தப் பெட்டியும் நிற்கவில்லை. வண்டி ஏப்ரலிலேயே வந்துவிட்டது. நமக்கு வரவில்லை. பிப்ரவரி மூன்றாம் தேதி நான் அதை ரத்து செய்தேன். ஒரு பட்டியல் போட்டிருந்தேன். பள்ளிக்கூடம், பள்ளி வேன், நூலக அட்டை, பல் ஆஸ்பத்திரியில் வாங்கியிருந்த நேரம், நீச்சல் வகுப்பு. வண்டி ஒன்பதாவது. ஒவ்வொன்றாக எழுதி, ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே போனேன். எட்டாவது எது, பத்தாவது எது என்று பார்க்கவில்லை. கை போய்க்கொண்டிருந்தது. அழுகை வரவில்லை. ஒரு பிழையும் விடாமல் எழுதியிருக்கிறேன், நகல் இருக்கிறது.

பிறகு உங்கள் கடிதம் வந்தது. வண்டி வந்தால் வருகிறேன் என்றீர்கள். மே என்று எழுதினேன். பிறகு ஜூன் என்று எழுதினேன்.

கடைக்காரர் சொன்ன வழியில் ஒவ்வொரு பையாக வாங்கிச் சேர்த்தேன். கடையில் பேங்க் மேனேஜரும் மற்றவர்களும் வண்டியை வாங்கிக்கொண்டு போய்விட்ட பிறகு உதிரி பாகத்துக்காகக் காத்திருந்தார்கள், அந்தக் கூட்டத்தைத்தான் உங்களுக்கு எழுதினேன். ஒரு சனிக்கிழமை பி சட்டம் வந்தபோது பையைக் கையில் வாங்கிப் பார்த்துக்கொண்டே பஸ்ஸில் இரண்டு நிறுத்தம் தாண்டிப் போய்விட்டேன். அடுத்த பை எப்போது வரும் என்று அச்சகத்தில் இருக்கும்போது நினைப்பேன். வேறு எதையும் நினைத்த ஞாபகம் இல்லை.

உங்கள் மேசையில் உட்கார்ந்து நானே பூட்டினேன். முப்பத்திரண்டு படி. பதினான்காவது படியில் பிழை இருக்கிறது. படத்தில் சின்னத் திருகாணி, எண்ணில் பெரியது. சிவப்பில் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன். பின் கியரில் கிரீஸ் போதவில்லையோ என்று சந்தேகம். பழைய வண்டியின் மோட்டாரை மாற்றிப் போட்டேன். சக்கரம் சுற்றுகிறது.

போன வாரம் பாடி வந்தது. கண்ணாடி மாதிரி இருந்தது. தனியாக வாங்கியதால் குறிப்புத்தாள் எதுவும் இல்லை. நாள் முழுக்கக் குறிப்புத்தாளே படிக்கிறவளுக்கு ஒரு தாள் இல்லை. நிறம் எனக்குத் தெரியும். அவள் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் வண்டியை வரைந்து கீழே எழுதியிருந்தாள்: மஞ்சள். அப்பா நீலம்னு சொன்னா ஒத்துக்கக் கூடாது.

ஞாயிறு காலையில் பால்கனியில் செய்தித்தாள் விரித்து, டப்பாவைக் குலுக்கி, மூன்று பூச்சு அடித்தேன். நன்றாக வந்தது. வழியவே இல்லை. மதியம் காய்ந்துவிட்டதா என்று ஓரத்தைத் தொட்டேன். நகத்தில் ஏதோ மாட்டியது. மெல்லிசாக ஒரு தோல் மாதிரி. இழுத்தேன். மொத்தமும் உரிந்து கையோடு வந்துவிட்டது. மூக்கு, கூரை, பின் இறக்கை எல்லாம் அதே வடிவத்தில் மஞ்சளாக என் கையில். அடியில் பாடி முன்பு இருந்தது போலவே, ஒன்றுமே நடக்காதது மாதிரி.

சனிக்கிழமை வரை பொறுத்து, கடைக்கு எடுத்துக்கொண்டு போனேன். கடைக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். "உள்பக்கம்மா! உள்பக்கம் அடிக்கணும்! வெளியே இருக்கறது பெயிண்ட் படாம இருக்க ஒட்டின ஷீட்டும்மா. இதுகூடவா தெரி..." என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டுப் போய் எதையோ அடுக்கினார்.

எனக்குத் தெரியாது. வீட்டில் இரண்டு வண்டிக்குப் பெயிண்ட் அடித்தீர்கள். இரண்டு தடவையும் நான் பக்கத்து அறையில் புரூஃப் பார்த்துக்கொண்டிருந்தேன். "அம்மா, வந்து பாரேன், சீக்கிரம்" என்று கூப்பிட்டாள். "இந்தப் பக்கம் முடியட்டும்டீ" என்றேன். முடித்துவிட்டு வந்தபோது நீங்கள் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தீர்கள்.

வண்டி இருக்கிறது. பெட்டி இல்லை. மேல்மூடிக்கு நிறம் இல்லை. இதை வண்டி வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்வீர்களா என்று தெரியவில்லை. எடுத்துக்கொள்ளாவிட்டாலும் தப்பில்லை.

சளி பிடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
நான்


ஆகஸ்ட் 3

அன்புள்ள திருத்தம்மா,

உன் காய்ச்சலைப் பற்றி அப்போதே எழுதியிருக்கலாம். நான் நன்றாக இருக்கிறேன்.

நீ ரத்து செய்தது எனக்கு அப்போதே தெரியும். கடைக்காரர் துக்கம் கேட்டு முகாமுக்கு ஒரு கடிதம் போட்டார், அதில் எழுதியிருந்தார். பிப்ரவரி இருபதாம் தேதி உனக்கு எழுதும்போது அது என் சட்டைப் பையில் இருந்தது.

வண்டி எப்போது வருகிறது என்று கோபத்தில்தான் கேட்டேன். இருபத்தைந்தே நாளில் எல்லாவற்றையும் முடித்துவிட்டாய். நான் முகாமுக்குக் கிளம்பும்போது எந்த இடத்துப் பதிவிலும் அவள் இல்லை. அந்தக் கடைச் சுவர்ப் பட்டியலில் ஒரு இடம் மிச்சம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டுதான் வேன் ஏறினேன். நீயாகச் சொல்வாய், சொன்னதும் உன்னை நாலு வார்த்தை கேட்கலாம் என்று காத்திருந்தேன். நீ மே என்று எழுதினாய். ஏப்ரலில் அந்த இதழைக் காட்டியதும் அதற்குத்தான். நீ துறைமுகம் என்று எழுதினாய்.

அதற்குப் பிறகு என்ன ஆனது என்று தெரியவில்லை. ஜூன் ஆகும் என்று நீ எழுதியது எனக்குப் பிடித்திருந்தது. எலக்ட்ரிஷியனிடம், "நம்ம வண்டி துறைமுகத்துல நிக்குதுப்பா" என்று சொன்னேன். சொல்லும்போது உண்மை மாதிரியே இருந்தது. ஜூன் முடிந்தபோதுதான் பயம் வந்தது. நீ ஜூலை என்று எழுதுவாய் என்று பார்த்தேன், எழுதவே இல்லை. மூன்று வாரமும் சனிக்கிழமை வேன் பக்கமே போகாமல் பம்புக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தேன்.

உறையைத் திறந்தபோது பெயிண்ட் மடிப்புகளில் வெடித்திருந்தது. விரித்துப் பார்த்தேன். வெல்டர் வந்து, "என்னண்ணே இது, தோலு?" என்றான். "என் பொண்ணு வண்டி" என்றேன். இங்கே யாரிடமும் அவளைப் பற்றிச் சொன்னதில்லை. அவன் பக்கத்தில் உட்கார்ந்தான்.

உள்பக்கம் அடிப்பது எதற்கென்றால், வெளியே எவ்வளவு உரசினாலும் நிறம் போகாது. எல்லாம் காய்ந்த பிறகு கடைசியாக அந்த ஷீட்டை உரிப்பது அவள் வேலை. என்னைத் தொடவே விட மாட்டாள். "தள்ளுப்பா, இதுக்குத்தான் இவ்ளோ நேரம் உக்காந்திருந்தேன்" என்பாள். ஒரே இழுப்பில் வர வேண்டும், நடுவில் கிழிந்தால் அன்றைக்கு முழுக்க முகம் சரியிருக்காது. நீ உரித்தது ஒரே துண்டாக இருக்கிறது. நன்றாகப் பார்த்துவிட்டேன், எங்கேயும் கிழியவில்லை.

இனி ஷீட் இல்லாததால் வெளிப்பக்கம் முழுவதும் டேப் ஒட்டி மறைத்துவிட்டுத்தான் உள்ளே அடிக்க முடியும். வளைவுகளில் ஒருவர் பிடிக்க வேண்டும், ஒருவர் ஒட்ட வேண்டும். ஒரு ஆளால் ஆகாத வேலை.

இருபத்திரண்டாம் தேதி சனிக்கிழமை, வேனில் இறங்கி வருகிறேன். பதினோரு மணிக்கு வீட்டில் இருப்பேன்.

நீலம் என்று சொல்ல மாட்டேன்.

உன்,
பிட்டர்


ஆகஸ்ட் 22, காலை

வந்ததும் படிக்கவும்.

பயணம் சிரமமில்லாமல் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். சாவியோடு இந்தக் கடிதத்தையும் டீச்சரிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன். சாப்பாடு அடுப்பு மேல் மூடி இருக்கிறது, சூடு பண்ணிக்கொள்ளுங்கள். விரலுக்கு மருந்து அலமாரியில் முதல் தட்டில் இருக்கிறது.

வண்டி உங்கள் மேசை மேல் இருக்கிறது. பாடியைத் துடைத்து வைத்திருக்கிறேன், ரேகை படாமல் ஓரத்தில் பிடித்துத் தூக்குங்கள். டேப் அகலமானது ஒன்று, மெல்லியது ஒன்று. மஞ்சள் டப்பா புதிது. உள்பக்கத்துக்கு அடிப்பதுதானா என்று கடைக்காரரிடம் மூன்று தடவை கேட்டுவிட்டேன். "என்னையும் கூப்பிடுங்கம்மா, ஷட்டரைப் பாதி இறக்கிட்டு வந்துடறேன்" என்றார். இன்றைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

உங்கள் கடிதங்களை எடுத்து வட்டம் போட்டு வைத்திருக்கிறேன். எல்லாம் சேர்த்துப் பத்தொன்பது பிழை. "துறைமுகம்" மட்டும் ஒவ்வொரு தடவையும் சரியாக எழுதியிருக்கிறீர்கள்.

பின் கியரைத் திறந்து கிரீஸ் பார்க்கலாம். அது உங்கள் வேலை. பதினான்காவது படியையும் பாருங்கள்.

ஒன்றரைக்கு அச்சகம் முடியும். புரூஃப் பாதியில் இருந்தாலும் எழுந்து வந்துவிடுவேன், இரண்டு மணிக்கு இங்கே இருப்பேன்.

அதுவரை டப்பாவைத் திறக்க வேண்டாம். நான் பார்க்க வேண்டும்.